மஞ்சள் கோடு, சிவப்பு அம்பு

எங்கள் தெரு முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், எருமை மாதிரி ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது. எங்கள் பழைய நீலக் கார் அதில் ஏறி இறங்கும்போதெல்லாம், நான் உட்காரும் இடது பக்கத்தில், என் காலுக்குக் கீழே ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். முதலில் எப்போதாவது வந்தது. பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் வந்தது. பட்டாபிராமில் பள்ளத்துக்கு என்ன பஞ்சம்?

“வண்டில என்னமோ சத்தம் வருதுங்க” என்றேன் என் கணவரிடம்.

“ஒண்ணும் இல்ல” என்றார்.

சில நாள் விட்டு மறுபடியும் சொன்னேன். “பாக்கலாம்” என்றார். இன்னொரு முறை சொன்னதற்கு, “சரி.”

இந்த மூன்று பதில்களோடுதான் நான் சில வருடங்களாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் ஆவடிப் பக்கம் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில், கியர்பாக்ஸ் பூட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸில் இருந்தவரை வாய் ஓயாமல் பேசுவார். சொந்த வீட்டுக்கு வந்த பிறகு ஆள் மாறிவிட்டார். குழம்பில் உப்பு தூக்கலா என்று கேட்டால் “சரி” என்பார். மகள் ஃபோன் செய்தாள், பிள்ளைக்குக் காய்ச்சலாம் என்றால் “பாக்கலாம்” என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர் என்னிடமிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார் என்றே முடிவு கட்டியிருந்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. நான் பேசுவதைக் காதில் வாங்குவதில்லை என்று அழுதால், எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க, நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

நான் இன்னும் வேலைக்குப் போகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே சுருக்கம், எங்கே எண்ணெய்க் கறை என்று பார்த்து, அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவேன். அம்பு ஒட்டிய பீஸ் தைத்தவரிடமே திரும்பிப் போகும். அவர் எதிர்த்துப் பேசக் கூடாது, பிரித்துச் சரியாகத் தைத்துத் தர வேண்டும். இத்தனை வருடம் இந்த வேலையைச் செய்துவிட்டு, ஒரு குறையைக் கண்டும் காணாமல் விடுவது என்னால் ஆகாது. அந்த ‘டொக்’ என்னைப் படுத்தி எடுத்தது.

செம்பரம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஏரிப் பக்கமாக வந்துகொண்டிருந்தபோது, கிடங்குகளுக்குப் போகும் லாரிகள் குதறிப் போட்டிருந்த ரோட்டில் சத்தம் தாங்க முடியவில்லை. அவர் முழங்கையைப் பிடித்து ஓரங்கட்டச் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைக்கு ‘ஆர்ம்’ என்று பெயர். அது வண்டியின் அடிப்பாகத்தோடு சேரும் இடத்தில், இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்க ஒரு தடித்த ரப்பர் புஷ் வைத்திருப்பார்கள். எங்கள் வண்டியில் அது பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி பிளந்து கிடந்தது.

“புஷ் போயிருக்கு” என்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. “ரெண்டு பக்கமும் மாத்தணும். நானே வீட்ல மாத்திடறேன்.”

நான் மாதக்கணக்கில் சொன்னதற்கு அசையாத மனிதர், ஒரு ரப்பர் துண்டைப் பார்த்ததும் அசைந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆவடியில் உதிரிபாகக் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியில் தேடியபடியே பேசினார். “இன்னாண்ணா, புஷ்ஷு மட்டும் வாங்கிகினு போயி இன்னா பண்ணப் போற? ஆர்மு செட்டாவே கீது. கழட்டி மாட்னா வேலை முடிஞ்சிது. அத்தையே எடுக்கவா?”

“சரி” என்றார் இவர்.

கடைக்காரர் முழு ஆர்மைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தபோது இவர் முகத்தில் ஈயாடவில்லை. “இது எதுக்கு?” என்று அவரைக் கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். “புஷ் மட்டும் குடுங்க” என்றேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கடையில்கூட மனசை எங்கேயோ வைத்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்டிகோவில் வேலை தொடங்கியது. ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை உட்கார வைத்தார். சக்கரங்களைக் கழற்றினார். பழைய பாயைப் போட்டு, மல்லாந்து அடியில் புகுந்தார். வெளியே தெரிந்தது இடுப்புக்குக் கீழே மட்டும்தான்.

“அந்த ஆர்ம பிடிச்சு ஆட்டு” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

குனிந்து ஆட்டினேன். ‘டொக், டொக்’ என்றது. அவர் மூக்குக்கு நேராக அந்தச் சத்தம். “கேக்குதா?” என்றேன். பதில் இல்லை. “கேக்குதாங்க?” என்று கத்தினேன். அவர் உள்ளங்கையை புஷ்ஷின் மேல் பதித்து வைத்திருந்தது சக்கரம் இருந்த இடத்தின் வழியே தெரிந்தது. “ஆமா, நல்லா ஆடுது” என்றார், நான் கேட்டதற்கு அல்ல, கை சொன்னதற்கு.

நான் நிமிர்ந்தபோது முந்தானை பட்டு, பானெட் மேல் இருந்த பெரிய ஸ்பானர் சிமென்ட் தரையில் விழுந்தது. கணீரென்ற சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. மாடியில் துணி உலர்த்திய அம்மாள் எட்டிப் பார்த்தார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவருடைய கால் விரல்கூட அசையவில்லை. அடியில் ஏதோ ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே நின்றுவிட்டேன். ஸ்பானரை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. குழம்பு, உப்பு, பேரன் காய்ச்சல், கடைக்காரர் முதுகு எல்லாம் வரிசையாக வந்து போயின. இவர் கேட்காமல் இருக்கவில்லை. இவருக்குக் கேட்கவில்லை.

முதலில் வந்தது சந்தோஷம். கட்டின மனுஷனுக்குக் காது போயிருக்கிறது என்று தெரிந்த நிமிஷத்தில் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் அதுதான் நிஜம். என்னை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. அது போதுமாக இருந்தது. அடுத்து கோபம் வந்தது. என்னிடம் சொன்னால் என்ன? ஒரு முறை டிவி சத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்து, விளையாட்டாகக் காது டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதற்கு, எழுந்து வெளியே போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார். தொழிற்சாலையில் கியர்பாக்ஸை ஓட்டிப் பார்க்கும் இடத்தில் காது கிழியும். காதுக்கு மூடி கொடுத்திருந்தார்கள். இவர் அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நிற்பார் என்று அவருடைய நண்பர்களே கேலி செய்வார்கள். காது கேட்கவில்லை என்று தெரிந்தால் சாமான் கணக்கு எழுதும் ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் அப்போதே மறைக்கப் பழகியிருப்பார் போலிருக்கிறது. வேலை முடிந்தும் பழக்கம் முடியவில்லை.

கடைசியாகப் பயம் வந்தது. இந்த ஸ்டாண்ட் சறுக்கினால், நான் எவ்வளவு கத்தினாலும் அவர் வெளியே வர மாட்டார். பூந்தமல்லி ரோட்டில் பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹார்ன் அடித்தால் ஒதுங்க மாட்டார். இத்தனை நாள் நானும் அந்த வண்டியில்தான் உட்கார்ந்து போனேன்.

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் காலருகில் உட்கார்ந்து, கணுக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். ஏதாவது என்றால் இழுத்துவிடலாம். கால் ஒரு முறை துள்ளியது, பிறகு அமைதியாகிவிட்டது. எதற்குப் பிடிக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தெரிவது வேறு, வாயைத் திறந்து சொல்வது வேறு. அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால்தான் டாக்டரிடம் கூட்டிப் போக முடியும். வற்புறுத்தினால் மறுபடியும் எழுந்து போய்விடுவார்.

மதியத்துக்குள் ஆர்ம்கள் வெளியே வந்தன. பழைய புஷ்களை வைஸ் இடுக்கியில் வைத்து நெருக்கித் தள்ளினார், உப்புத்தாள் போட்டுத் துளையைத் தேய்த்தார், சோப்புத் தண்ணீர் தடவி, புதியதை மெல்ல மெல்ல உள்ளே இறக்கினார். வேலை செய்யும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பழைய ஆள் திரும்பி வந்த மாதிரி இருக்கும். வண்டி ஸ்டாண்டின் மேல் இருந்தபடியே ஆர்ம்களைத் திரும்ப மாட்டி, போல்ட்டுகளை முழு பலத்தோடு இறுக்கினார். பிறகு ஒரு சின்ன டப்பாவிலிருந்து மஞ்சள் பெயிண்ட் எடுத்து, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுத்தார்.

அது அவர்கள் தொழிற்சாலைப் பழக்கம். இறுக்கி முடித்த போல்ட்டுக்குக் கோடு. அது தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு போட்டதை அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது. வீட்டில் மிக்ஸி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றிலும் எங்காவது ஒரு மஞ்சள் கோடு இருக்கும். இன்னொரு சட்டமும் உண்டு. செய்தவனே தன் வேலையை பாஸ் பண்ணக் கூடாது. வேறொருவர் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும்.

“வா, இன்ஸ்பெக்‌ஷன்” என்று, சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கிய பிறகு என்னை அதில் ஏறச் சொன்னார்.

தெரு முனைக்கு ஓட்டிப் போனோம். வேகத்தடையில் ஏறினோம். ‘டொக்’ இல்லை. அடியோடு போய்விட்டது. ஆனால் இறங்கும்போது ‘கிறீச்’ என்று ஒன்று கேட்டது. பழைய மரக்கட்டிலில் புரண்டு படுத்தால் வருமே, அந்த மாதிரி. திரும்பி வரும்போதும் கேட்டது.

“எப்படி?” என்றார். கண்ணில் அவ்வளவு ஆசை.

“டொக் போயிடுச்சு” என்றேன். பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அன்றைக்கு இரண்டு வாய்ச் சோறு அதிகமாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பியவள், வாசல் கேட் அருகில் நின்றேன். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. கம்பெனியில் இப்படி ஒரு பீஸை நான் விட்டிருப்பேனா? கைப்பையைத் துழாவினேன். ஸ்டிக்கர் தாள் எப்போதும் அதில் கிடக்கும். சிவப்பு அம்பு ஒன்றைப் பிரித்து, இடது முன்சக்கரத்துக்கு மேல், கூர் கீழே பார்க்கும்படி ஒட்டினேன். ஒட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அம்பத்தூர் வரை ரயிலில் அதே நினைப்புதான். அவர் வேலையில் குறை சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. அதுவும் காதால் கண்டுபிடித்த குறை.

சாயங்காலம் வீடு திரும்பியபோது கார் உயரமாக நின்றது. நான்கு சக்கரங்களையும் தடித்த மரக்கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார். முந்தின நாள் போல ஆர்ம் அந்தரத்தில் தொங்கவில்லை. வண்டியின் முழு கனமும் சக்கரத்தின் மேல் இருந்தது. இவர் அடியில் படுத்திருந்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலைத் தொட்டேன்.

“வந்துட்டியா? இங்க பாரு” என்றார்.

புடவையோடு பாயில் படுத்து நானும் உள்ளே நகர்ந்தேன். இத்தனை வருட வாழ்க்கையில் ஒரு காருக்கு அடியில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்தது அதுதான் முதல் தடவை. டார்ச்சை அடித்துக் காட்டினார். புது புஷ், பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது.

“அங்க கியர்பாக்ஸ்ல இரும்பும் இரும்பும்தான். எப்படி வெச்சு இறுக்கினாலும் ஒண்ணுதான். அந்தப் பழக்கத்துல இதையும் இறுக்கிட்டேன். ஆனா என்ன தப்புன்னு இப்பத்தான் லேசா...” என்று நிறுத்தினார்.

எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. அவர் தோளைத் தொட்டு, முகம் என் பக்கம் திரும்பியதும், டார்ச்சை என் முகத்தின் மேல் திருப்பிக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன். “இடுப்புப் பட்டிக்கு எலாஸ்டிக் வெச்சுத் தைக்கிற மாதிரிதானேங்க. போட்டுக்கிட்டா எவ்வளவு இழுக்குமோ, அவ்வளவு இழுத்துப் பிடிச்சுத்தான் தைக்கணும். தொளதொளன்னு வெச்சுத் தெச்சுட்டா, போடும்போது தையல் கிழியும். நீங்க ஆர்ம் தொங்கும்போது இறுக்கிட்டீங்க. வண்டிய இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிச்சு.”

அவர் கண்கள் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை தவறவிடாமல் பார்த்தார். எத்தனை நாளாக இப்படிப் பார்க்கிறாரோ தெரியவில்லை. சமையலறையிலிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, குழாய்த் தண்ணீர் சத்தத்தில் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவருக்கு ஏது வழி?

“அதேதான்” என்றார். “நின்ன நிலைல இறுக்கணும்.”

ஸ்பானரைப் போட்டு போல்ட்டைத் தளர்த்தினார். மஞ்சள் கோடு நடுவில் உடைந்தது. தான் போட்ட கோட்டைத் தானே உடைக்கும்போது அவர் முகம் சுருங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ரப்பர் ஒரு பெருமூச்சு விட்டது போல முறுக்கை விட்டுத் தன் வடிவத்துக்கு வந்தது. அப்படியே வைத்து, வண்டியின் கனத்தோடு சேர்த்து, மறுபடியும் இறுக்கினார். மற்றப் பக்கத்தையும் அதே மாதிரி செய்தார். பெயிண்ட் டப்பாவைத் திறந்தவர், குச்சியை என்னிடம் நீட்டினார்.

“நீ போடு.”

என் கோடு கோணலாக வந்தது. “பரவாயில்ல” என்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். திருநின்றவூர் தாண்டி வேப்பம்பட்டுவரை போனோம். வழியில் இருக்கிற பள்ளம், மேடு, தோண்டி மூடாத குழி ஒன்றையும் விடவில்லை. டொக் இல்லை, கிறீச் இல்லை. ரயில்வே கேட் சாத்தியிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏதாவது கேட்டுச்சா?”

இல்லை என்று தலையாட்டினேன். சிரித்தார். அந்தச் சிரிப்போடே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் போனது. கேட்டைத் தூக்கினார்கள். பின்னால் ஒரு ஹார்ன், பிறகு பத்து ஹார்ன். பைக்கில் வந்த ஒருவர் ஜன்னலருகே வந்து, “யோவ், காது இன்னா செவுடா?” என்று கத்திவிட்டுப் போனார். இவர் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் மாறியதைக் கண்டுதான் முன்னால் திரும்பினார். கேட் திறந்திருப்பதையும், வண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போவதையும் பார்த்தார். அவசர அவசரமாக வண்டியைக் கிளப்பித் தண்டவாளத்தைத் தாண்டி, ஒரு பெட்டிக்கடை ஓரமாக நிறுத்தினார்.

“ரொம்ப நேரமா அடிச்சாங்களா?” என்று கேட்டார்.

“ஆமா.”

ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்த ஒன்றை நகத்தால் உரித்தார். நான் காலையில் ஒட்டிய சிவப்பு அம்பு. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். அதை என் கையில் கொடுத்துவிட்டு, தலையைச் சாய்த்து இடது காதைக் காட்டினார்.

“இங்க ஒட்டு.”

எனக்குக் கை எழவில்லை. “விளையாடாதீங்க” என்றேன். அவர் பார்க்கவில்லை, அதனால் கேட்கவில்லை. காதைக் காட்டிக்கொண்டே இருந்தார். “நம்ம பீஸை நாமளே பாக்கக் கூடாது. நீதான் ஒட்டணும்” என்றார்.

அம்பில் பசை காய்ந்து போயிருந்தது. கைப்பையிலிருந்து புதிதாக ஒன்று எடுத்து, காது மடலுக்குக் கீழே, நரை முடி படாமல் ஒட்டினேன். ஒட்டும்போது என் கண்ணீர் அவர் தோளில் விழுந்தது. அதை அவர் உணர்ந்திருப்பார். துடைக்கவில்லை.

“நாளைக்குக் காலைல டாக்டரைப் பாத்துடலாம்” என்றார், ரோட்டைப் பார்த்தபடி. “நீ லீவு சொல்லிடு.”

வீடு வரும்வரை அதை எடுக்கவில்லை. சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் குறுகுறுவென்று பார்த்தார், அதற்கும் எடுக்கவில்லை. தெரு முனை வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. இறங்கியதும் வண்டியை நிறுத்தி, முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பி, என் உதட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“சத்தம் வந்துச்சா?”

“வரலை” என்று வாயை மட்டும் அசைத்தேன். குரலே எழுப்பவில்லை.

“நல்லது” என்றார்.